டுசூ டுசூ போ

“போ” என்றாள் மங்கை மறுபடியும். அம்பலம் கஞ்சிக் கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை. எண்ணக் கூடாது என்றுதான் இருந்தார், மனசு அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது, முப்பத்தெட்டு வருஷம் தபால் பிரிக்கிற இடத்தில் கட்டுக் கட்டாக எண்ணிய மனசு, அதற்கு வேறென்ன தெரியும். மணி இரண்டு பத்து. நாலு மணிக்கு மகள் தமயந்தி ஓசூரிலிருந்து காரில் வந்துவிடுவாள். வந்து அம்மாவை அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அங்கே லிஃப்ட் இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பேச்சு சொல்லித்தர ஆள் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. “நீங்களும் வாங்கப்பா” என்றாள் நேற்றுப் போனில். “நான் வரல. மருமகன் வீட்ல உக்காந்து பேப்பர் படிக்க எனக்கு ஆகாது.” “அப்ப அம்மாவ விடுங்க.” “அவ சொல்லட்டும். இங்கதான்னா இருக்கட்டும். உன்கூடன்னா கூட்டிட்டுப் போ.” “அம்மா எப்படிப்பா சொல்லுவாங்க? டாக்டரே சொல்லிட்டாரு, வர்றதெல்லாம் வெறும் சத்தம்னு.” “சத்தம் இல்ல அது.” “பின்ன என்ன?” “நாளைக்கு நீ வர்றதுக்குள்ள கேட்டு வைக்கிறேன்.” போனை வைத்துவிட்டார். கேட்டும் ஆயிற்று. மங்கை, நீ என்னோட இருக்கியா, அவளோட போறியா? ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் கேள்விக்கு மேலே கையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரே எழுத்து. போ. அதைச் சொல்லும்போது இடது கை லேசாக எழும்பும். விரல்கள் உள்ளே மடங்குகின்றனவா, வெளியே விரிகின்றனவா தெரியவில்லை. வலுவில்லாத கை. ஆளைக் கூப்பிடும் கைக்கும் காக்கையை விரட்டும் கைக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம்தான்.

மூன்று மாதம் ஆகிறது. இட்லிக்கு மாவு வழித்துக்கொண்டிருந்தவள் கிரைண்டர் மேலேயே சரிந்தாள். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, வாயில் வலது பாதி தொங்கிப் போயிற்று, தமிழும் போயிற்று. தமிழ் எழுந்துபோன இடத்தில் வேறு ஏதோ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. டுசூ. கைந. ளிபு. இப்படி. முதல் மாதம் அவரும் பேத்தல் என்றுதான் நினைத்தார். ஆனால் பேத்தலுக்கு நிறுத்தம் உண்டா? இவள் நிறுத்துவாள். நாலு சொல் பேசுவாள், நிறுத்துவாள், தலையைச் சாய்ப்பாள், பிறகு சிரிப்பாள், வாயின் இடது பாதி மட்டும் மேலே ஏறும். பகலில் பார்த்துக்கொள்ள வரும் ரெஜினா, மாதாக்கோட்டைக்காரி, சாமானியத்தில் எதற்கும் அசையாதவள், சாப்பிடப் புறப்படும்போது இன்றைக்கு வாசலில் நின்றாள். “ஐயா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.” “சொல்லாமலே இரேன்.” “அந்த ஒயர் நாற்காலிய எடுத்து வெளிய போட்டுருங்க. அம்மா அதப் பாத்துப் பேசுறாங்க.” “பேசட்டும்.” “பேசுனா பரவால்லங்கய்யா. நடுவுல நிறுத்துறாங்க பாருங்க, அப்பத்தான் நான் ஜபமாலையக் கையில எடுத்துக்கிறேன்.” “மூச்சு விட வேண்டாமா மனுஷி?” “மூச்சு இல்லய்யா அது. எதிராளி சொல்லி முடிக்கட்டும்னு நிறுத்துறாங்க.” “சாப்பிட்டு வா, போ” என்று விரட்டினார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். கதவைச் சாத்தியபிறகு நாற்காலியைப் பார்த்தார். பச்சை ஒயர் பின்னிய பழைய நாற்காலி, நடுவில் பள்ளம். பள்ளம் எப்போதும் இருப்பதுதான். எப்போதும் இவ்வளவா?

அது வெறும் சத்தம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது பத்து நாளைக்கு முன்னால். இன்ஷூரன்ஸ் காகிதம் தேடி அவளுடைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது, கூறைப்புடவைக்கு அடியில் ஒரு நோட்டு. பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, லேபிளில் ‘நம்ம பேச்சு’. உள்ளே முழுக்க சொற்கள், இடப்பக்கம் அந்தப் பேச்சு, வலப்பக்கம் தமிழ். இரண்டு கையெழுத்து. குண்டு குண்டாக இருப்பது மங்கை. சாய்ந்து ஓடுவது அவள் தங்கை திலகவதி. கட்டிலில் கிடந்து அவள் எழுப்பும் சத்தம் முழுக்க அதில் இருந்தது. அவருக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, சந்தோஷமா பயமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆபீசில் கிறுக்கல் விலாசம் வந்தால் “அம்பலத்துகிட்ட குடு” என்பார்கள். ‘பெருமாள் கோயில் பின்னால், முருங்கை சாய்ந்த வீடு, சின்னக்குட்டிக்கு’ என்று வந்த கவரைக்கூட ஊர் கண்டுபிடித்து அனுப்பியவர். அதற்கு ஒரு வழி உண்டு. பிரிக்கிறவன் விலாசத்தை மேலிருந்து படிக்க மாட்டான். பெயர் யாருக்கு வேண்டும்? கடைசி வரி, ஊர், அதிலிருந்து மேலே. அந்தப் பழக்கத்தில்தான் நோட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார், அந்தப் பழக்கத்தில்தான் நாலாம் நாள் ஒரு சொல்லையும் வாலிலிருந்து படித்தார். வாபூ. கணவன் என்று எதிரே எழுதியிருந்தது. வா, பூ! அடடா என்று மூன்று நாள் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தார், எழுபத்தாறு வயதில். வாலிலிருந்து படித்தால் பூவா. பிள்ளைகளுக்கு ஊட்டும் சோறு. வேளைக்குச் சோற்றுக்கு வந்து நிற்பவன் கணவன். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு நோட்டு அவரை விடவில்லை. ஒவ்வொரு சொல்லையும் திருப்பினார், ஒவ்வொன்றிலும் ஒரு கொடுக்கு இருந்தது. மாமியார் என்றால் ளிபு, திருப்பினால் புளி. அவருடைய அம்மாதான், வேறு யார், சிரித்துவிட்டார், செத்தவளை வைத்துச் சிரித்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாள் சுகொ, கொசு. தங்கை கைந, நகை. பூட்டிக்கொள்வதும் அதுதான், சிரிப்பதும் அதுதான். கல்யாணம் டுகூ. அதில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் பூராவும் உழன்றார். கூடு. குருவி கட்டுவதும் கூடு, கிளியை அடைப்பதும் கூடு, சேர்ந்துகொள் என்பதும் கூடு, உயிர் விட்டுவிட்டுப் போகிறதே உடம்பு, அதுவும் கூடு. எதை நினைத்து எழுதினாள்? இருபத்தொரு வயதுப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம், எந்தக் கூடு? கேட்கலாம். எதிரே படுத்திருக்கிறாள். கேட்டால் போ என்பாள்.

திலகாவைப் போகச் சொன்னது அவர்தான். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். கஞ்சி ஆறி ஆடை படிந்துவிட்டது, அதைப் பார், அதை விட்டுவிட்டு. கல்யாணமான புதிதில் தாயில்லாப் பெண் என்று தங்கையையும் கூட வைத்துக்கொண்டாள் மங்கை. பதினெட்டு வயது, ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பாள், சிரிக்க ஆரம்பித்தால் கடைசியில் விக்கல் வரும் அவளுக்கு. அடுக்களையில் இரண்டு பேரும் அந்தப் பேச்சுதான். இவர் உள்ளே நுழைந்தால் டப்பென்று நிற்கும், திரும்பினால் முதுகில் சிரிப்பு, கீழே தாழ்ந்து மங்கையுடையது, மேலே ஏறிப் போய் விக்கலில் முடிவது திலகாவுடையது. ஊர் உலகத்துக் கையெழுத்தையெல்லாம் படிக்கிறவனுக்குத் தன் வீட்டு அடுக்களையில் பேசுவது புரியவில்லை. எத்தனை நாள் பொறுப்பான் ஒருத்தன்? ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, “இந்த வீட்டுல தமிழ்ல பேசுறவங்க இருங்க, மத்தவங்க ஊருக்குப் போகலாம்” என்றார். திலகா மறுநாள் காலையில் தகரப் பெட்டியோடு வாசற்படியில் நின்றாள், திருத்துறைப்பூண்டியில் சித்தப்பா வீட்டுக்கு. புறப்படுகிறவர்கள் வரேன் என்றுதான் சொல்வார்கள், போறேன் என்று சொல்ல மாட்டார்கள், பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் அவர் முகத்தை நேரே பார்த்து, சிரித்துக்கொண்டு, “போறேன் அத்தான்” என்றாள். அவருடைய அம்மா உள்ளிருந்து, “அடி பாவி, என்ன வாய்டி இது, வரேன்னு சொல்லித் தொலையேன்” என்று கத்தினாள். “போறேன் அத்தை, போறேன்!” விக்கல். தெரு முனைவரை அந்த விக்கல் கேட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விடிகாலைப் பஸ்ஸில் சித்தப்பா வந்து இதே மாதிரி கால்மாட்டில் நின்று, “திலகா போயிட்டாம்மா” என்றார். மங்கை அழவில்லை. டக்கென்று வாசலைப் பார்த்தாள். யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற மாதிரி. ஏன் வாசலைப் பார்த்தாள் என்று அப்போதே உறுத்தியது, துக்க வீட்டில் அதையெல்லாம் யார் கேட்பது.

கரண்ட் போயிற்று. மின்விசிறி தளர்ந்தது. நிற்பதற்கு முன்னால் ஒரு கணம் இறக்கைகள் பின்பக்கமாகச் சுற்றுவது போலத் தெரியும், எல்லா விசிறியிலும் அப்படித்தான், கண் செய்கிற கோளாறு. இன்றைக்கு அது நன்றாகவே பின்பக்கம் சுற்றியது. அறைக்குள் டெட்டால் வாசனையும் முதுகுப் பவுடர் வாசனையும் மெல்லக் கீழே இறங்கின. தெருவில் பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டே போனான், அவன் கூவுவது என்ன சொல் என்று யாருக்காவது இன்றுவரை புரிந்திருக்கிறதா, ஆனாலும் புரிகிறது, பேப்பர்க்காரன் என்று. மங்கை பேச ஆரம்பித்தாள். கைந, என்றாள். கைந, டுகூ... பிறகு சுகொ என்று ஏதோ, எதிர்வீட்டைப் பற்றிப் புறணி போல. நிறுத்தினாள். தலை சாய்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார், தான் ஏன் அடக்கிக்கொள்கிறோம் என்று தெரியாமல். ஒட்டுக்கேட்கிறவன்தான் மூச்சை அடக்குவான். விசிறியும் இல்லாத அமைதியில் ஒயர் நாற்காலி க்ரீச் என்றது. ஒயர் வெயிலுக்கு இளகும், விடும், சத்தம் வரும். வெயில் அந்த மூலைக்கு வருவதில்லை. சரி, பல்லி. இடது பாதி வாயில் சிரிப்பு ஏறியது மங்கைக்கு. பிறகு கண்ணை அவர் பக்கம் கொண்டுவந்து, கை எழும்ப, “போ.” எட்டு.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும். நோட்டின் பின்னட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார், பழுப்புத்தாள் மடிப்பில் விரல் நுழைந்தது. உள்ளே அட்டை தடிப்பாகத் தட்டுப்பட்டது. மடிப்பைப் பிரித்தார். ஒரு போஸ்ட் கார்டு, அட்டையோடு ஒட்டியிருந்தது, ஓரத்தில் சோற்றுப் பருக்கை காய்ந்து கண்ணாடிபோல் மின்னியது. முத்திரையைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. மேலே அவருடைய பெயருக்குக் கீழே ‘பார்த்து மங்கையர்க்கரசிக்குக் கொடுக்கவும்’ என்று சாய்ந்து ஓடும் எழுத்து. நடுவில் மூன்றே சொல், நீல மை, ஓரத்தில் மஞ்சள் கறை. டுசூ டுசூ போ. அவருக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியை வைத்த மாதிரி இருந்தது. இந்தக் கார்டு தொலைந்துவிட்டது. பஸ்ஸில் விழுந்துவிட்டது என்று நாற்பத்தாறு வருஷம் நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்த கார்டு. திலகா ஊருக்குப் போன ஏழாவது வாரம் வந்தது, இவர் ஆபீஸ் கிளம்பும்போது தபால்காரர் கையிலேயே கொடுத்தார். படிக்கட்டிலேயே நின்று படித்தார். சூ, சூ, போ. காக்கையை விரட்டுகிற மாதிரி. நாயை விரட்டுகிற மாதிரி. அக்காளுக்கு எழுதுகிற சாக்கில் எனக்கு எழுதியிருக்கிறாள், பார்த்தாயா திமிரை, ஊருக்குப் போயும் அந்தக் கண்றாவிப் பேச்சு, அதிலும் என்னைத் துரத்துகிறாள் என்று ரத்தம் கொதித்தது. மங்கையிடம் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த தடவை திலகா வந்தால் அவள் முகத்தில் எறிய வேண்டும் என்று வைத்திருந்தார். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கவில்லை. சித்தப்பா வந்த அன்றைக்குப் பையைத் தடவினார், இல்லை.

டுசூ. நோட்டில் அது எங்கே என்று அவருக்கு மனப்பாடம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஜுரம். திருப்பினால் சூடு. ஜுரம் ஜுரம் என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். வேறு யாருக்கும் புரியக் கூடாது என்று பழகிய கை, சாகக் கிடக்கும்போதும் அப்படியேதான் எழுதியது. ஜுரம், ஜுரம், போ. போ எதற்கு? அக்காளிடம் போ என்று ஏன் சொல்ல வேண்டும்? அதில் மனசு நிற்கவில்லை, கார்டுக்குக் கீழே இருந்த குண்டு எழுத்துக்குத் தாவிவிட்டது. மை வேறு, பால்பாயிண்ட். வாபூ = டன்ருதி. இந்தச் சொல் நோட்டில் வேறெங்கும் இல்லை. வாலிலிருந்து படி, பிரிக்கிறவனே, படி. தி. ரு. டன். பேர் அம்பலம், விஷயமும் அம்பலம், இந்தச் சிலேடைகூட அவளுக்கு அன்றைக்கே தோன்றியிருக்கும். துவைக்கிறவள் பையைத் தடவிப் பார்க்காமலா சட்டையை நனைப்பாள்? எந்த நாள் துவைத்தாள்? திலகா போவதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால்தான் இருக்க வேண்டும். முன்னால் பார்த்திருந்தால் கட்டின புடவையோடு பஸ் ஏறியிருப்பாள். காரியம் முடிந்து வந்து, குவிந்து கிடந்த அழுக்குத் துணியை எடுத்துப் போட்டு, பையில் கார்டு. படித்திருப்பாள். எழுந்து அடுக்களைக்குப் போயிருப்பாள். சோறு எடுத்து மசித்து ஒட்டியிருப்பாள், மிச்சச் சோற்றை அவருக்குப் போட்டிருப்பாள். பூவா. அன்றையிலிருந்து வேளைக்கு மூன்றாக நாற்பத்தாறு வருஷம், உப்புக் குறையாமல், ஒரு வார்த்தை கேட்காமல். அதிகம் பேசாத பெண்டாட்டி வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டு திரிந்தார். பேசாமல் என்ன, அவள் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், அந்தப் பக்கம் திரும்பி.

நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தார். அவர் மடியில் விரிந்து கிடந்த கார்டைத்தான் மங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது கண். “போ” என்றாள், மெதுவாக. ஒன்பது. சரி. போகிறேன். நியாயம்தான். நான் சொன்ன சொல்லை எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள், வட்டியா முதலா எதுவும் சேர்க்காமல் அதே ஓரெழுத்தை, போதும். தமயந்தியிடம் சொல்லிவிடலாம், அம்மா உன்கூட வரட்டும், என்கூட இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள் என்று. எழுந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. ஆணியில் தொங்கிய துணிப் பையை எடுத்தார், அவளுடைய நைட்டி நாலு, துண்டு, மாத்திரை டப்பா, பவுடர். நோட்டு அவளுடையது, அதுவும் போகட்டும். பையில் திணிக்கும்போது முன்னட்டை மடங்கி முதல் தாள் திறந்துகொண்டது. பிள்ளையார் சுழி. கீழே பொடி எழுத்தில் வரிசை எண் போட்டு ஏதோ. முன்பே பார்த்த பக்கம்தான், பின்னாலிருந்து புரட்டிக் கடைசியில் வந்து சேர்ந்தபோது ஒன்றாம் எண்ணில் ‘அம்மா சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாது’ என்றிருந்தது, பொண்ணுங்க கிறுக்கு என்று எரிச்சலோடு மூடிவிட்டார். இப்போது ஏதோ அவசரம் கழன்றுபோயிருந்தது. படித்தார். இரண்டு, எந்தச் சொல்லும் வாலில்தான் தலை. மூன்று, தலையும் வாலும் ஒண்ணா இருந்தா வேற சொல் தேடு. நாலாவது திலகாவின் எழுத்து, ஓடிக்கொண்டே எழுதிய எழுத்து: ‘ஒத்தை எழுத்தைத் திருப்ப முடியாது. அதனால அர்த்தத்தைத் திருப்பு. தீன்னா தண்ணி. போன்னா வா. வான்னா போ. (அக்கா இதுல தப்புப் பண்ணினா குட்டு!)’

போ என்றால் வா. அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். போ என்றால் வா. ஜுரம், ஜுரம், வா. அக்கா, வா. அதைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அலைந்திருக்கிறான் ஒருத்தன், காக்கை விரட்டுகிறாள் என்று. போறேன் அத்தான். அய்யோ, வரேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள், எல்லாரும் சொல்கிற மாதிரி, முறையாக, அவள் பேச்சில். போறேன் அத்தை, போறேன்! வருவேன் வருவேன் என்று சொல்லிக்கொண்டே தெரு முனைவரை. திலகா போயிட்டாம்மா. மங்கை வாசலைப் பார்த்தாள். போயிட்டா என்று தமிழில் சொன்னார் சித்தப்பா. மங்கை எந்தப் பேச்சில் கேட்டாள்? கேட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள், வந்தவளைப் பார்க்கிற மாதிரி. அன்றையிலிருந்து போகவேயில்லையோ? இந்த நாற்பத்தாறு வருஷமும், அடுக்களையில், மாடிப்படியில், இந்த ஒயர் நாற்காலியில்? நான் தினம் பேப்பர் படித்த நாற்காலி அது. நிறுத்து. அது கிடக்கட்டும். காலையிலிருந்து ஒன்பது தடவை வா வா என்று கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். யாரைக் கூப்பிட்டாள்? என்னையா? கிட்டத்தில் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கிண்ணம், மருந்து, துணி எதுவும் கையில் இல்லாமல். “மங்கை, என்னையா கூப்பிட்ட? திருடனையா?” அவள் அவரைப் பார்த்தாள். பார்வை அவர் காதை ஒட்டிக்கொண்டு பின்னால் போயிற்று, நாற்காலி இருக்கும் பக்கம், அங்கே ஒரு கணம் நின்றது, அனுமதி கேட்கிற மாதிரி, திரும்பி வந்தது. கரண்ட் வந்தது. விசிறி முன்பக்கம் சுற்ற ஆரம்பித்தது.

கார்க் கதவு அடிபடும் சத்தம். தமயந்தி படியேறும்போதே பேசிக்கொண்டு வந்தாள், வழியில் டோல்கேட், வெயில், ரெஜினாவைத் தெரு முனையில் பார்த்தேன், அவ ஏன்பா மேல வரப் பயப்படுறா. அறைக்குள் வந்து அம்மாவின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். பையைப் பார்த்தாள். “எடுத்து வச்சிட்டீங்களா? அப்ப கேட்டாச்சா? என்ன சொன்னாங்க?” அம்பலம் வாயைத் திறந்தார். என்னவென்று சொல்வது? போ என்றாள் என்று சொன்னால் அது பொய். வா என்றாள் என்று சொன்னால் இவள் நம்ப மாட்டாள். “நீயே கேளு” என்றார். தமயந்தி குனிந்து, பச்சைப்பிள்ளையிடம் கேட்கிற குரலில், “அம்மா, போலாமா?” என்றாள். மங்கை மகளைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அவரை, நேராக, குறுக்கே எதுவும் இல்லாமல், கல்யாணத்தன்று மணையில் பார்த்தபிறகு அப்படிப் பார்த்ததில்லை. இடது கை எழும்பிற்று.

“வா.”

“அப்பா!” என்று கத்தினாள் தமயந்தி. “தமிழ்ப்பா! தெளிவா சொன்னாங்க! உங்களத்தான் வான்னு கூப்பிடுறாங்க, கேட்டிச்சா?” கேட்டது. கேட்காமல் என்ன. மகள் காதுக்கு வா. நோட்டின் கணக்கில் போ. எதைச் சொன்னாள்? போன தமிழ் இந்த ஒரு எழுத்துக்காக இத்தனை தூரம் திரும்பி வந்ததா? இல்லை, இதுவரை வா வா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வராதவனைக் கடைசியாக, அவர் அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாரே, அதையே சொல்கிறாளா? எப்படிக் கண்டுபிடிப்பது? தலையும் வாலும் ஒன்றாகக் கிடக்கும் சொல். ஊர் பெயர் இல்லாத கவர். முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒன்று கைக்கு வந்ததில்லை. யோசிக்க நேரமில்லை, அவள் கை அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, இதோ விழுந்துவிடும். ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அவள் தமிழில் கூப்பிட்டிருந்தால் அவள் பேச்சில் வருகிறேன் என்றாகும். அவள் பேச்சில் விரட்டியிருந்தால் தமிழில் போகிறேன் என்றாகும். எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியான வீட்டில் போய் விழும். அம்பலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போறேன்” என்றார்.

“என்னப்பா இது!” தமயந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. “அம்மா ஆசையாக் கூப்பிடுறாங்க, நீங்க போறேன் கீறேன்னு! நல்ல நேரத்துல வாயில என்ன வார்த்தை, வரேன்னு சொல்லுங்க.” “போறேன்னுதான் சொல்வேன். என் சட்டை ரெண்டையும் பையில வை” என்றார், எப்போதும்போல எரிந்து விழுந்து, கை மட்டும் கையை விடவில்லை. மங்கையின் இடது பாதி வாய் மேலே ஏறியது, இன்னும் ஏறியது, சிரித்தாள், தாழ்ந்த சிரிப்பு, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவர் முதுகில் விழுந்த அதே சிரிப்பு, சிரித்து அடங்கி உதட்டைச் சேர்த்துக்கொண்டாள். அதன்பிறகு கேட்டது. மெல்லியதாக ஒரு விக்கல், மேலே ஏறி முடிகிற மாதிரி இன்னொன்று.

“விக்குதுப்பா அம்மாவுக்கு, தண்ணியக் குடுங்க” என்றாள் தமயந்தி, முதுகைக் காட்டிக்கொண்டு சட்டையை மடித்தபடி.

அம்பலம் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினார். மங்கை வாயை மூடியிருந்தாள்.